மறைந்துபோன பட்டை

போன வருஷம் வாப்பா என்ட லெப்டொப்பில, ஃபயர்ஃபொக்ஸ் வழியாக ஒரு விண்ணப்பம் நிரப்பினார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டுவிட்டு, “முடிஞ்சிது மகன்” என்றார். முடியவில்லை. கீழே இன்னும் இரண்டு கேள்விகளும் ‘அனுப்பு’ பொத்தானும் இருந்தன. அவை இருப்பதற்கான ஓர் அடையாளமும் திரையில் இல்லை. நாங்கள் கவனித்தபோது கடைசித் திகதி கடந்துவிட்டது.

பிழை வாப்பாவுடையதா? ஸ்க்ரோல் பாரின் கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல ஏலாது.

1970களில் அமெரிக்காவின் செரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் உருவான ஸ்மோல்டோக்கிலேயே இந்தப் பட்டை இருந்தது. 1984இல் வந்த மெக்கின்டொஷில் அது சன்னலின் வலப்பக்கத்தில் நிலையாக நின்றது. விண்டோஸ் 95இல் இன்னொரு வசதி: பக்கம் நீளமானால் பட்டைக்குள் இருக்கும் கட்டை சிறுக்கும். கையிலுள்ள புத்தகத்தின் தடிப்பைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று நாம் அறிகிற மாதிரி.

2007இல் ஐபோன் வந்தது. சின்னத் திரை, விரலால் தள்ளுவது. அதனால் தள்ளும்போது மட்டும் பட்டை தெரிந்து மறைந்தது. போனுக்கு அது நியாயம். ஆனால் 2011 ஜூலையில் அப்பிள், மெக் ஓஎஸ் எக்ஸ் லயனில் அதே பழக்கத்தைக் கணினிக்கும் கொண்டுவந்தது. 2022 மே மாதம் ஃபயர்ஃபொக்ஸ் 100, விண்டோஸ் 11இலும் லினக்ஸிலும் பட்டைக்கென்று தனி இடம் ஒதுக்குவதை நிறுத்தியது. திரை துப்புரவாகத் தெரிந்தது, இடமும் மிச்சம்.

யாருக்கு மிச்சம்? கீழே இன்னும் இருக்கு என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. காத்தான்குடியில் வயதான பிறகு கணினிக்கு முன்னால் குந்துகிற ஒரு வாப்பாவுக்கு அந்தப் பட்டைதான் ஒரே சாட்சி.

நல்லவேளை, திருப்பிக் கொண்டுவரலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போய் ‘ஓல்வேய்ஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்’ஐப் போட்டுவிடுங்கள், ஃபயர்ஃபொக்ஸும் அதைப் பின்பற்றும். லினக்ஸ் என்றால் ஃபயர்ஃபொக்ஸின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. மெக்கில் அப்பியரன்ஸ் பகுதியில் ‘ஓல்வேய்ஸ்’.

எங்கட வீட்டில இப்ப பட்டை எப்பவும் தெரியுது. வாப்பா முதலில் வலப்பக்கம் பார்க்கிறார், பிறகுதான் வாசிக்கத் தொடங்குகிறார்.