ஏசாத சுசீலா, வாழ்த்தாத மோரிஸ்

அஞ்செட்டியிலிருந்து காட்டு வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் எங்கள் நாட்றாம்பாளையத்தைத் தாண்டித்தான் போவார்கள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைப்பார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க, வீட்டில் இறந்துபோனவர்களைக் கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ கூப்பிட்டு, கலசத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். யாராவது ஒருவருக்கு அருள் வரும். "யாரு வந்திருக்கிறது?" என்று பம்பைக்காரர் கேட்பார். வந்தவள் முதலில் ஏசுவாள்: "எனக்கு ஒரு சீலை எடுத்து வைக்க யாருக்கும் தோணலையா?" அழுவாள். கேட்டதைக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு அதே வாயால் பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்துவாள்.

சிறுவயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த நான், ஆவியோடு பேசுகிறவர்களைப் பற்றிய இரண்டு ஆங்கில நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று ஆர்.கே. நாராயண் எழுதி 1945இல் வந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்'. மற்றது ஹிலாரி மான்டெல் எழுதி 2005இல் வந்த 'பியாண்ட் பிளாக்'. இரண்டையும் கொண்டாடியவர்கள் உண்டு, பாதியில் மூடி வைத்தவர்களும் உண்டு. அந்த மனத்தாங்கல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

நாராயணின் கதையில் கிருஷ்ணன் மால்குடியில் ஆல்பர்ட் மிஷன் கல்லூரி ஆசிரியர். மனைவி சுசீலா, மகள் லீலா. பாதிக் கதைவரை ஒரு சின்னக் குடும்பத்தின் சந்தோஷம். ஒருநாள் சுசீலா கணவனின் பழைய தாள்களோடு அவன் ஆசையாக வைத்திருந்த அலாரக் கடிகாரத்தையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுகிறாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு சினிமாவுக்குப் போய்ச் சமாதானம் ஆகிறார்கள். வீடு வாங்கலாம் என்று பார்க்கப் போன இடத்தில் அசுத்தமான கழிப்பறைக்குள் அவள் மாட்டிக்கொள்கிறாள். அதிலிருந்து தொடங்கிய காய்ச்சல் டைஃபாய்டு ஆகி உயிரை வாங்குகிறது. அதன் பிறகு ஒரு பையன் கடிதம் கொண்டுவருகிறான். தாமரைக்குளமும் தோட்டமும் உள்ள ஓர் இடத்தில் இருப்பவர் எழுதியது: தன் கை தானாக எழுதுகிறது, எழுதுவது உன் மனைவி. கிருஷ்ணன் போகிறான். நாவலின் மீதிப் பாதி அந்தச் சந்திப்புகளில் நகர்கிறது.

இது கற்பனையில் விளைந்ததல்ல. நாராயணின் மனைவி ராஜம் 1939இல் டைஃபாய்டில் இறந்தார். சிறு பெண் குழந்தையோடு நின்ற நாராயண், சென்னையில் ஆவியெழுத்துப் பழகிய ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து மனைவியின் செய்திகளைப் பெற்றதாகப் பின்னாளில் தன் தன்வரலாறான 'மை டேஸ்' நூலில் (1974) எழுதினார். நாவலில் கற்பனை மிகக் குறைவு என்றும் அதில் ஒத்துக்கொள்கிறார். இரண்டாம் பாதியைப் படித்த பலர் திகைத்தார்கள், சிலர் எரிச்சலே பட்டார்கள் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். குடும்பச் சித்திரத்தைக் காட்டி உள்ளே இழுத்து, சாவுக்கும் பிடிபடாத ஊகங்களுக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டார் என்ற குறை அது. இன்றைக்கும் முதல் பாதியை உச்சிமுகர்ந்துவிட்டு இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசாமல் நழுவும் வாசகர்களை நான் சந்தித்ததுண்டு.

மான்டெலின் உலகம் வேறு. லண்டனைச் சுற்றி ஏறத்தாழ 188 கிலோமீட்டர் ஓடும் எம்25 நெடுஞ்சாலை, அதன் ஓரத்துச் சின்ன ஊர்கள், வாடகை மண்டபங்கள். பருத்த உடம்பும் இளகிய மனசும் கொண்ட அலிசன் அந்த மேடைகளில் ஏறி, செத்தவர்கள் சொல்வதைச் சனங்களுக்குச் சொல்லிப் பிழைக்கிறாள். அவளுக்கு மேனேஜராக வரும் கோலெட் விவாகரத்தானவள், எதையும் கணக்குப் பார்த்துச் செய்கிறவள். அலிசனோடு எப்போதும் ஒட்டியிருக்கும் ஆவி மோரிஸ். அழுக்கு, ஆபாசப் பேச்சு, கொடூரம் மூன்றும் சேர்ந்த குட்டை மனிதன். அலிசன் குழந்தையாக இருந்தபோது ஆல்டர்ஷாட்டில் அவள் தாயின் வீட்டுக்கு வந்துபோன ரௌடிக் கூட்டத்தில் ஒருவன். அந்தக் கூட்டம் அவளுக்கு என்ன செய்தது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வருகிறது. அது தெரியத் தெரிய வயிற்றைப் பிசைகிறது. என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மூன்று முறை கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

இந்த நாவல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலும், 2006இல் ஆரஞ்சு பரிசின் குறும்பட்டியலிலும் இடம்பெற்றது. மான்டெல் பிறகு 2009இலும் 2012இலும் சரித்திர நாவல்களுக்காகப் புக்கர் வென்றபோது, அவற்றைப் படித்த கையோடு இதை எடுத்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். இருட்டுக்குள் இவ்வளவு சிரிப்பா என்று வியந்தவர்கள் ஒருபுறம். நீளம் அதிகம், நாற்றம் அதிகம், பிடித்துக்கொள்ள ஒரு நல்ல மனுஷனும் இல்லை என்று விட்டவர்கள் மறுபுறம்.

ஆக, நாராயணிடம் செத்தவர்கள் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று குறை. மான்டெலிடம் அளவுக்கு மீறிக் கெட்டவர்களாக இருக்கிறார்கள் என்று குறை. எதிரெதிர்க் குறைகளாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரு பொது எரிச்சல் இருக்கிறது. இரண்டு பேருமே வாசகருக்குத் தப்பிக்க வழி விடவில்லை. இதெல்லாம் வெறும் மனப்பிரமையோ என்று ஒதுங்கப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. சுசீலா வந்தாள், மோரிஸ் இருக்கிறான், அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்ற கேள்வியோடு வருகிறவருக்கு இரண்டு நூலும் பதில் தராது. பூவாடைக்குக் கூடி நிற்கிற எங்கள் சனம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. யார் வந்தது, என்ன வேண்டுமாம் என்றுதான் கேட்கும். எங்கள் சனத்தின் கேள்வியோடு படித்தபோதுதான் எனக்கு இரண்டு நாவலும் திறந்தன.

தென்னார்க்காட்டில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் இஸபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூலில், பேய் ஓட்டுவதையும் இறந்தவரைப் பூவாடைக்காரியாக வீட்டுக்குள் அழைப்பதையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரே ஊரில், ஒரே உடுக்கைச் சத்தத்தில் இரண்டும் நடக்கும். மோரிஸ் ஓட்டப்பட வேண்டியவன். ஆனால் அலிசனுக்கு ஓட்டுவார் யாரும் இல்லை, சுற்றி நிற்க உறவும் இல்லை. அவளும் கோலெட்டும் நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். யாரும் வாழ்ந்திராத வீட்டில் எந்தச் செத்தவன் இருப்பான் என்பது கணக்கு. ஆனால் மோரிஸ் கூட்டம் அங்கேயும் வந்து சேர்கிறது. இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஓசூர்தான் கண்முன் வந்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து, ஆலைகள் பெருகி, விளைநிலமெல்லாம் மனையாகப் போய், ஒன்றுபோலவே வீடுகள் எழுந்த ஊர். எங்கள் பையன்கள் பலர் அங்கே ஷிப்டு வேலையில் இருக்கிறார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே இருக்கிறார்கள். கல்யாணம் என்றால் மட்டும் பூவாடைக்கு ஊருக்கு வருவார்கள். அவர்களுக்கு வருவதற்கு ஒரு கிணற்றடி இருக்கிறது. அலிசனுக்கு அது இல்லாததுதான் அந்த நாவலின் மிகப் பெரிய பயங்கரம் என்று நினைக்கிறேன்.

சுசீலாவோ பூவாடைக்காரியேதான். கடைசிக் காட்சியில் அவள் வரும்போது, ஆணியில் மாட்டியிருந்த மாலையை எடுத்துக் கிருஷ்ணன் நீட்டுகிறான். அவள் அதில் ஒரு துண்டைக் கிள்ளித் தலையில் சூடிக்கொள்கிறாள். மைசூரில் வாழ்ந்த ஒரு சென்னைக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய வரிகளுக்குள் எங்கள் ஊர்ப் பூவின் வாசம் வீசிய இடம் அது. அந்தப் பக்கத்தை நான் எந்த வாசகரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. அலிசன் மேடையில் ஏறும்போது செத்தவர்கள் சொல்வதை அப்படியே சொல்வதில்லை. அவர்கள் பெரும்பாலும் குழம்பிப்போனவர்கள், மறதிக்காரர்கள், அற்ப விஷயத்துக்குச் சண்டை பிடிப்பவர்கள். அதைச் சொன்னால் சனம் தாங்காது என்று அவள் நல்லதை மட்டும் பொறுக்கி, இனிப்பு தடவிக் கொடுக்கிறாள். இதைப் படித்தபின் நாராயணிடம் திரும்பினால், அந்தத் தோட்டத்து மனிதரின் பென்சில் வழியாகப் பேசும் சுசீலா முழுக்கப் பொறுமையும் ஆறுதலுமாக இருப்பது உறுத்துகிறது. உயிரோடிருந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமலிருந்த பெண் எங்கே போனாள்? வாசகர்கள் தங்கள் ஏமாற்றத்துக்கு ஆவியைக் காரணம் சொன்னார்கள். அவர்கள் தேடியது அந்தக் கோபக்காரச் சுசீலாவைத்தான் என்று எனக்குப் படுகிறது. மோரிஸ் விஷயத்தில் மான்டெல் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். உயிரோடு எப்படி இருந்தானோ, செத்தும் அப்படியே இருக்கிறான். சாவு அவனை ஒரு துளியும் கழுவவில்லை. அந்த வகையில் மான்டெலின் நாவல் இன்னும் இறுக்கமானது. நாராயணைக் கண்டிக்கவும் மனசு வரவில்லை. துக்கத்தில் இருந்த மனிதர் ராஜத்திடம் சண்டை போடவா போய் உட்கார்ந்திருப்பார்?

போன மாதம் ஒரு சாயங்காலம் அத்தை திண்ணையில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். 'இங்கிலீஷ் டீச்சர்' கதையை முழுக்க அவருக்குச் சொன்னேன். பழைய பேப்பர்காரன், கழிப்பறை, காய்ச்சல், தானாக எழுதும் கை, மாலை எல்லாம். முறத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். ஆவி எழுதுமா என்று கேட்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, இத்தன தடவ வந்து போன பொம்பள, அந்தக் கடியாரத்தப் பத்தி ஒரு வார்த்தகூட பேசலியா?"