வைரஸ் நிமோனியாவும் இரத்த அழற்சிக் குறியீடுகளும்

வைரஸ் நிமோனியாவில் நுரையீரலுக்கு நேரும் சேதம் முழுவதும் வைரஸின் வேலையல்ல. வைரஸை எதிர்க்கக் கிளம்பும் உடலின் அழற்சியும் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அந்த அழற்சியின் அளவை இரத்தத்தில் காட்டித் தருபவை அழற்சிக் குறியீடுகள். சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்), ஃபெரிட்டின், இன்டர்லூகின்-6, நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் திசுச் சிதைவைக் காட்டும் எல்.டி.எச்.சும் இவற்றோடு சேர்த்தே பார்க்கப்படுகின்றன. வார்டிலேயே தேறப்போகிறவர் யார், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரிடுபவர் யார் என்பதை முன்கூட்டிக் கணிப்பதே நோக்கம். இக்கணிப்பின் பலமும் எல்லையும் மூன்றே ஆண்டு இடைவெளியில் கொல்கத்தாவில் தெரிந்தன.

சி.ஆர்.பி.யின் வரலாறே நிமோனியாவில்தான் தொடங்குகிறது. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். இன்டர்லூகின்-6 தரும் சமிக்ஞையால் கல்லீரல் இதைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். அழற்சி அடங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஒரு நாள் எடுத்த அளவைவிட, அடுத்தடுத்த நாட்களில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மருத்துவருக்கு அதிகம் உதவும்.

2020 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் முதல் கொரோனா நோயாளி சேர்க்கப்பட்டது கொல்கத்தாவின் பேலேகாட்டா தொற்றுநோய் மருத்துவமனையில். அதே ஆண்டு அங்கே 80 தீவிர நோயாளிகளிடம், குணமானவர்களின் பிளாஸ்மாவைச் செலுத்தும் சிகிச்சை சோதிக்கப்பட்டது. இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தின் தீப்யமான் கங்குலி குழுவினர் இதில் பங்கேற்று, நோயாளிகளின் இரத்தத்தில் அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களான சைட்டோகைன்கள் 36ஐ அளந்தனர். மொத்த நோயாளிகளிடையே உயிர்காக்கும் பலன் உறுதியாகவில்லை. 67 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. ஆனாலும் நெருக்கடிக்கு நடுவே நோயாளியின் அழற்சியை இவ்வளவு நுணுக்கமாக அளந்தது பெரிய காரியம்.

அன்றாட வார்டுக்கு 36 அளவுகள் கட்டுப்படியாகாது. எளிய இரத்த அணுப் பரிசோதனையே நிறையச் சொல்லும். அறிக்கையில் நியூட்ரோஃபில் 80 சதவீதம், லிம்ஃபோசைட் 10 சதவீதம் என்றிருந்தால் விகிதம் 8. நலமான ஒருவரிடம் இது பொதுவாக 1 முதல் 3 வரைதான். மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்கும் இந்தக் கணக்குக்குக் கூடுதல் செலவே இல்லை. கொரோனா நோயாளிகளுக்கென பிரிட்டனில் உருவான 4சி இறப்பு மதிப்பெண் முறை மொத்தம் 21 புள்ளிகள் கொண்டது, அதில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 100 மில்லிகிராம் எட்டினாலும் 2 புள்ளிதான். 80 வயது ஆனாலே 7 புள்ளி. இரத்தக் குறியீட்டின் இடம் என்ன என்பதை இந்த ஒப்பீடு நேர்மையாகக் காட்டுகிறது.

சிகிச்சையைத் தீர்மானிப்பதிலும் அதற்கு இடமுண்டு. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து சி.ஆர்.பி. 75ஐத் தொட்ட 4,116 கொரோனா நோயாளிகளில் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பெற்றோரிடம் இறப்பு 31 சதவீதம், பெறாதோரிடம் 35.

ஆனால் எண்கள் ஏமாற்றவும் செய்யும். ஓர் ஆய்வகம் லிட்டர் கணக்கிலும் இன்னொன்று டெசிலிட்டர் கணக்கிலும் சி.ஆர்.பி.யைத் தந்தால் ஒரே அளவு பத்து மடங்கு மாறித் தெரியும். ஸ்டீராய்டு கொடுத்ததும் நியூட்ரோஃபில் ஏறும். டோசிலிசுமாப் இன்டர்லூகின்-6இன் வேலையைத் தடுப்பதால், கிருமி இருக்கும்போதே சி.ஆர்.பி. சரிந்துவிடும். மழைக்காலக் கொல்கத்தாவில் ஃபெரிட்டின் எகிறினால் டெங்குவையும் நினைக்க வேண்டும்.

2023 தொடக்கத்தில் அடினோ வைரஸ் நகரத்துக் குழந்தைகளைத் தாக்கியது. பூல்பாகானின் பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பி வழிந்தன. குழந்தைகள் பலர் இறந்தனர். 3, 7 ஆகிய வகைகள் கலந்து உருவான வைரஸ் பல மாதிரிகளில் இருந்ததை நகரின் தேசிய காலரா, குடல்நோய் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. சி.ஆர்.பி. மிக அதிகமானால் பாக்டீரியா, குறைவானால் வைரஸ் என்ற பொது வழக்கம் இங்கே எடுபடாது: பாக்டீரியா தொற்றைப் போலவே அடினோ வைரஸும் சி.ஆர்.பி.யை உயர்த்தும். அந்த எண்ணை மட்டும் நம்பினால் தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கில் போய் முடியும். இத்தகைய குழந்தையின் நிலையை அறிய மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும்: ஓராண்டு நிறையாத, இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 என்ற எல்லையை எட்டினாலே அது வேகமூச்சு. அதோடு விலா கடுமையாக உள்வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே என்று காட்டினாலோ, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்க வேண்டும்.