கைபேசியில் மேசைக்கணினி: தொலைநிலை அணுக்கத்தின் வரலாறு

மேசைக்கணினியில் நிறுவப்பட்ட மென்பொருளை, அதன் முன் அமராமல், தொலைவிலிருந்து கைபேசி வழியாக இயக்கும் முறை தொலைநிலை அணுக்கம் எனப்படும். லால்குடியில் ஓர் அரிசி ஆலையின் கணக்கு, அலுவலகக் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் திருச்சியில் வங்கி மேலாளர் முன் அமர்ந்திருக்கிறார். மேலாளர் கேட்கும் இருப்புக் கணக்கை அவர் அங்கேயே கைபேசியில் திறந்து காட்டிவிடலாம்.

அந்தக் கணக்கு மென்பொருள் கைபேசிக்கு வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது வருவதில்லை. மென்பொருளும் கோப்பும் லால்குடியிலேயே இருக்கின்றன. அங்குள்ள திரையின் படம் மட்டும் இங்கே வருகிறது. இங்கு விரல் தொட்ட இடமும் தட்டிய எழுத்தும் அங்கே போகின்றன. இணைப்பைப் பெற்றவர் யாராயினும், அவர் அந்தக் கணினியின் நாற்காலியில் அமர்ந்தவர் ஆகிறார். இந்தத் தொழில்நுட்பத்தின் பயனுக்கும் ஆபத்துக்கும் இதுவே வேர்.

தொடக்கம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990களில் 'வீடியோடைல்' என்ற கருவி உருவானது. பேனாவால் தொட்டு இயக்கும் தட்டையான திரை அது. தனக்கென்று பெரிய கணினித் திறன் இல்லாமல், வலையமைப்பின் வழியாக வரும் படத்தைக் காட்டியது. அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததே வி.என்.சி. என்ற மென்பொருள். 1998இல் அதன் மூலநிரலுடன் இலவசமாக வெளியிடப்பட்டது. ஆக, கையில் ஏந்தும் திரைக்கான எண்ணமே முதலில் வந்தது. கைபேசிகள் பின்னர்தான் அதற்கு ஏற்றவையாக வளர்ந்தன. (இதை உருவாக்கிய குழுவில் இருந்த குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், காப்பிக் குடுவை நிரம்பியிருக்கிறதா என்று இருக்கையிலிருந்தே பார்க்க உதவிய புகழ்பெற்ற கேமரா ஏற்பாட்டிலும் பங்கு கொண்டவர். நடக்கச் சோம்பல்படுவதும் சில வேளை அறிவியலுக்கு உதவுகிறது.)

அதே 1998இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தின் 'டெர்மினல் சர்வர்' பதிப்பில் இவ்வசதியைத் தந்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. தொழில்முறைப் பதிப்பு இதைச் சாதாரண அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தது. பாம் கையடக்கக் கருவிக்கும் வி.என்.சி. எழுதப்பட்டது. அதன் திரை நீளம் 160, அகலம் 160 புள்ளிகளே. சாளரத்தின் வழியே தேர் பார்ப்பது போல, மேசைத் திரையை மூலை மூலையாக நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

இணைப்பின் வேகமே பெரிய தடை. 1024 × 768 புள்ளிகள் கொண்ட திரையில், ஒரு புள்ளிக்கு 2 பைட்டு என்றால், முழுப் படத்துக்கு 15,72,864 பைட்டுகள். நொடிக்கு 40 கிலோபிட்டு செல்லும் அக்காலக் கைபேசி இணைப்பில் அது வந்துசேர 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே, திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்பும் உத்திகள் வளர்ந்தன. வீட்டு இணைப்புகளுக்கு வெளியிலிருந்து தேடக்கூடிய நிலையான முகவரி இல்லாதது இன்னொரு தடை. இரு முனைகளையும் ஒரு நடுவண் வழங்கி சேர்த்துவைக்கும் முறையால், 2005இல் வந்த டீம்வியூவர் போன்ற மென்பொருள்கள் அதைத் தீர்த்தன. மைக்ரோசாஃப்ட் 2013இல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் தன் தொலைநிலைச் செயலியை வெளியிட்டது. கூகுள் 2014இல் ஆண்ட்ராய்டுக்கான செயலியைத் தந்தது.

இந்தியாவில்

சிறு வணிகர்களின் மேசைக்கணினி என்றாலே நினைவுக்கு வருவது டேலி. 1986இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் அது. 2009இல் வந்த டேலி இ.ஆர்.பி. 9 பதிப்பு தொலைவிலிருந்து கணக்கைப் பார்க்க வழி செய்தது. திறன்பேசி பரவாத காலமாதலால், குறுஞ்செய்தி அனுப்பிக் கணக்கு விவரம் பெறும் வசதியும் அதில் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைபேசித் தரவின் விலை சரிந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் அலுவலகக் கணினி பூட்டிய அறைக்குள் இருக்க, வேலை வீட்டிலிருந்து நடந்தது.

தமிழுக்கு மட்டும் உரிய ஒரு பயனும் உண்டு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்பதற்கு முன் தட்டச்சான எத்தனையோ ஆவணங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்தக் கோப்பைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். தொலைநிலை அணுக்கத்தில் வருவது படம் என்பதால் எழுத்து பிசகாமல் தெரிகிறது. அச்சகத்துக் கணினியில் உள்ள பழைய மலரின் பக்கங்களை இப்படிப் பிழை பார்க்கலாம்.

திரும்பிய கண்ணாடி

கைபேசியிலிருந்து கணினியைப் பார்க்க முடியுமானால், பிறர் கைபேசியையும் பார்க்க முடியும். 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியின் பெயரைக் குறிப்பிட்டு வங்கிகளை எச்சரித்தது. செயலி தன்னளவில் நேர்மையானது. உலகெங்கும் பழுது நீக்குவோர் பயன்படுத்துவது. மோசடி செய்பவர் வங்கி ஊழியர் போலப் பேசி, அதை நிறுவச் சொல்வார். திரையில் தோன்றும் எண்ணைக் கேட்பார். அடுத்து வரும் அனுமதிகளுக்குச் சம்மதிக்கச் சொல்வார். அதன்பின் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை உரியவர் சொல்லவே வேண்டாம், அவரே படித்துக்கொள்வார். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற வங்கியின் அறிவுரையைக் கடைப்பிடித்தவர்களும் பணம் இழந்தது இதனால்தான்.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. பல வங்கிச் செயலிகள் இப்போது திரைப் பகிர்வின்போது தம் பக்கங்களைக் கருப்பாக்கிவிடுகின்றன. ஆனால் குறுஞ்செய்தி அறிவிப்புக்கு எல்லாக் கைபேசிகளிலும் அந்தத் திரை விழுவதில்லை. ஏமாந்துவிட்டதாக அறிந்தால் முதலில் கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும்; படம் போகும் வழி அதோடு அடைபடும். பின்னர் செயலியை நீக்கி, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.