ஓல்டு நம்பர் ஒன்

1990-ஆம் ஆண்டில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் அவர்களின் முன்னிலையில் வந்து நின்ற ஒரு வழக்கு, சட்டத்தைக் காட்டிலும் தர்க்க சாஸ்திரத்துக்கே அதிகம் நெருங்கியதாக இருந்தது. பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடக்கும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து வென்றதும், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று மோட்டார் ரசிகர்களால் பிரியமாக அழைக்கப்பட்டதுமான பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வண்டியை, அதன் சொந்தக்காரர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டார் என்ற கம்பெனிக்கு ஒரு கோடிப் பவுன் மதிப்புக்கு விலை பேசி ஒப்பந்தம் செய்திருந்தார். பேச்சு முடிந்த பிறகு வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். லெ மானில் ஓடிய வண்டியே இதுவன்று, அதன் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும் வேறொரு வண்டி என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. பந்தய வண்டி என்பது ஒரு பந்தயத்துக்கும் மறு பந்தயத்துக்கும் இடையே பட்டறைக்குப் போய், தேய்ந்ததைக் கழற்றி எறிந்து, அதைவிட வலிய ஒன்றைப் பூட்டிக்கொண்டு வருவதையே தொழிலாகக் கொண்டது. 1929-ல் பார்னாட்டோவும் பிர்கினும், 1930-ல் பார்னாட்டோவும் கிட்ஸ்டனும் ஓட்டி ஜயித்த இந்த வண்டி, 1931-ல் புரூக்லண்ட்ஸ் மைதானத்து 500 மைல் பந்தயத்தையும் கைப்பற்றியது. மறு வருஷம் எட்டு லிட்டர் என்ஜினோடு அதே மைதானத்தில் இறங்கி, சாய்வுப் பாதையின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து, கிளைவ் டன்ஃபீ என்ற ஓட்டுநரின் உயிரைக் குடித்தது. அதன் பின்னும் அதைப் பழைய இரும்பென்று ஒதுக்கிவிடாமல், பார்னாட்டோ சாலையில் ஓட்டத்தக்க மூடுவண்டியாக அதை மாற்றிக் கட்டுவித்தார். நீதிமன்றம் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து விசாரித்தபோது, 1929-ஆம் வருஷத்து வண்டியில் காலம் நிர்ணயிக்க இயலாத சில சில்லறைப் பாகங்களைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்றும், 1930-ஆம் வருஷத்து வண்டியிலிருந்து கியர் பெட்டியின் கூடு, பெடல் தண்டு முதலான சிலவே எஞ்சியிருக்கின்றன என்றும் வெளிப்பட்டது.

இருந்தும் தீர்ப்பு விற்றவர் பக்கமே விழுந்தது. உறுப்புகள் மாறின என்பது மெய். ஆனால் அவை ஒரே நாளில் மாறவில்லை, வண்டி தன் வாழ்வை நடத்திக்கொண்டிருந்தபோதே ஒவ்வொன்றாக மாறின. இடையில் ஒரு நாளும் அது இல்லாமற் போனதில்லை. ஆகையால் லெ மானில் இரு முறை வென்ற பெருமை இன்று நிற்கும் இந்த வண்டிக்கே உரியது என்பது நீதிபதியின் முடிவின் சாரம்.

ஏலக் கூடங்களில் இன்று கேட்கப்படும் விலைகளை ஊன்றிக் கவனித்தால், அங்கே கூடும் கோடீசுவரர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்தத் தீர்ப்பின் வழியிலேயே நடக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றம் நடந்ததா என்பதை மட்டும் கேட்டு அவர்கள் நின்றுவிடுவதில்லை. யார் செய்தார், எப்போது செய்தார், எதன் பொருட்டுச் செய்தார் என்று வமிசாவளி விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்கள்.

1962 முதல் 1964 வரை முப்பத்தாறே கட்டப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ இதற்கு நல்ல சாட்சி. பந்தயத்துக்கு உதவாத வயதை அடைந்ததும் இவற்றுக்கு மதிப்பே இல்லாமல் இருந்த ஒரு காலம் உண்டு. டெக்ஸாஸ் மாகாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, பிள்ளைகள் யந்திரத் தொழில் பழகுவதற்காக ஒரு ஜிடிஓ நன்கொடையாகவே கொடுக்கப்பட்டது. பின்னர் அதை வாங்கியவரிடம் அது பல வருஷங்கள் திறந்த வெளியில் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. 2018-ல் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போன ஜிடிஓவோ, பிறந்தபோது இருந்த உடலோடு இல்லை: 1964-ல் ஸ்காலியெட்டி பட்டறை அதன் பழைய தகட்டைக் களைந்து, அந்த வருஷத்துப் புதிய வடிவத்தை அணிவித்திருந்தது. அந்தப் பட்டறைதான் ஃபெராரிக்கு முதலிலும் உடல் கட்டிக் கொடுத்தது. வண்டியும் அப்போது பந்தயத்தில் இருந்தது. அதனால் அந்த இரண்டாவது உடலும் அசலாகவே கொள்ளப்பட்டது. இதே வேலையை இருபது வருஷம் கழித்து வேறொரு பட்டறைக்காரர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அது குறையென்றே ஏட்டில் ஏறியிருக்கும்.

இருபது முப்பது வருஷங்களுக்கு முன்வரை ஜீர்ணோத்தாரணமே பெரிய கலையாக மதிக்கப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை வண்டிக்கு ஏற்றுவதும், விலை போகும் நிறம் சிவப்பு என்று நீலத்தையும் சாம்பலையும் அதில் மூழ்கடிப்பதும் அந்நாளைய வழக்கம். பழைய தோல் இருக்கையைப் பிய்த்தெறிந்துவிட்டால் அதைத் திரும்ப உண்டாக்க எந்தப் பணமும் உதவாது என்பது வெகு தாமதமாகவே உறைத்தது. கட்டடங்களின் பழமையை அழிக்காமல் காக்கவேண்டும் என்று 1964-ல் வெனிஸ் சாசனம் வகுத்த நெறியைப் பின்பற்றி, பழைய வண்டிகளின் சர்வதேச சம்மேளனமான ஃபீவா, டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றது 2012-ல்தான்.

அந்த மனமாற்றத்தின் உச்சத்தை 2015 பிப்ரவரியில் பாரிஸில் காண முடிந்தது. மேற்குப் பிரான்ஸில் ஒரு பண்ணையில் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த வண்டிகளை ஆர்ட்க்யூரியல் நிறுவனத்தார், துடைத்தால் மதிப்புக் குறையும் என்று தூசியோடும் துருவோடும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சஞ்சிகைக் கட்டுகளின் கீழ் புதைந்திருந்த, நடிகர் அலென் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் 1 கோடியே 62 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. புழுதிக்கும் விலை உண்டென்று அன்று பிரத்தியட்சமாயிற்று. எனினும் எனக்கு இதில் கொஞ்சம் பக்தி மிகுந்துபோனதாகவே படுகிறது.

கரோல் ஷெல்பி 1962-ல் கட்டிய முதல் கோப்ரா வண்டியின் கதை இதைவிட ரஸமானது. கையிலிருந்தது ஒன்றே ஒன்று. பலவற்றைக் கட்டிவிட்டதுபோல் காட்டவேண்டி, ஒவ்வொரு பத்திரிகைக்காரர் பரிசோதிக்க வருமுன்னும் அதற்கு வேறு வேறு வர்ணம் பூசி நிறுத்தினார். இந்தக் கபடமே பின்னர் அதன் சரித்திரமாகி, 2016-ல் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் அது ஏலம் போனபோது குறையாக எண்ணப்படவில்லை.

அண்மைக் காலத்து மக்லாரன் எஃப்1 வண்டிகளிலும் இதே கணக்குத்தான். 400 கிலோமீட்டர்கூட ஓடாமல், ஒன்றும் தொடப்படாமல் இருந்த ஒன்று 2021-ல் 2 கோடியே 4 லட்சம் டாலர் பெற்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, மக்லாரன் கம்பெனியே எல்எம் என்ற ரகத்துக்கு மாற்றிக் கொடுத்த மற்றொன்று 1 கோடியே 98 லட்சம் பெற்றது.

தொழிற்சாலையின் கை படாத மாற்றத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஃபெராரி 250 ஜிடிஇ என்ற நான்கு ஆசன வண்டிகள் மலிந்து கிடந்த நாளில், ஜிடிஓவுக்கு இருக்கும் அதே குடும்பத்துப் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் இவற்றிலும் இருந்த ஒரே காரணத்தால், பலவற்றை வெட்டிக் குறுக்கி ஜிடிஓவின் போலி உருவங்களாக்கினார்கள். அப்படிச் செய்தவர்கள் அதை நல்ல வியாபாரம் என்றே எண்ணியிருக்க வேண்டும். இன்றோ வெட்டுப்படாமல் தப்பிய ஜிடிஇ வண்டிகளே லட்சக்கணக்கான டாலருக்குக் கேட்கப்படுகின்றன. அவற்றைத் தேடி வருகிறவர், உடல், என்ஜின், கியர் பெட்டி மூன்றின் எண்களும் பழைய ஏட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று விளக்குப் பிடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்.