தப்பும் சிந்தசைசரும்: ஊவாத் தோட்டங்களிற் கருவித் தெரிவு

ஊவாத் தோட்டப்புறத்து இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாட்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். கருவியிலிருந்து தொடங்கின், அவ்வரலாறு வேறொரு முகத்தைக் காட்டும். கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து மலையேறிய மக்களோடு வந்தது தப்பு. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோதும், 1886இல் ஊவா தனி மாகாணமானபோதும், 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபோதும் லயங்களின் முதற்கருவியாக அதுவே நின்றது. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும், மாசியிலே காமன் கூத்தை நடத்தியதும், இறுதி ஊர்வலத்தின் முன் சென்றதும் அதுவே. அவ்வழைப்போசையைச் சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளிவந்த தமது ஆங்கிலக் கவிதையிற் பதித்துள்ளார்.

தப்பின் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும் இயல்பினது. பசறையிலும் நமுனுக்குலையிலும் மலைப்பனி இறங்கும் இரவுகளிலே கலைஞர் அதனைத் தீயிற் காய்ச்சியே சுருதி கூட்டுவர். சிறிது நேரத்தில் மீண்டும் தளரும், மீண்டும் காய்ச்சுவர். பின்னர் வந்த மின்கருவிகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இச்செய்தி பெரிதும் பயன்படும்.

இடையில் வந்தது ஆர்மோனியம். கட்டைகள் நிலையான சுரங்களையே தருவதாற் கமகத்துக்கு அதில் இடமில்லை என்பது இசையறிஞர் குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. 1971ஆம் ஆண்டிலேயே அத்தடை தளர்ந்தது. எளிதிற் சுருதி குலையாத, ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி என்பதனால், பஜனைக்கூடங்களும் நாடக மேடைகளும் அத்தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. அவை செய்ததே சரி எனலாம்.

1970இல் வெளிவந்த மினிமூக் முதலிய அனலொக் சிந்தசைசர்கள் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்விலிருந்தே நாதத்தைப் பிறப்பித்தன. அவற்றின் ஒலி செறிவானது. ஆயின், வெப்பநிலை மாறுந்தோறும் அலையியற்றியின் சுருதி நகரும். பனியில் தளரும் தப்புக்கு நேர்வதைப் போன்றதே இது. ஆனால் இங்குக் காய்ச்சுவதற்குத் தீ உதவாது! இக்குறையைத் தீர்க்க எழுந்ததே கலப்பு முறை. 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ வரிசையில் அலையியற்றியின் சுருதியை எண்முறைக் கடிகாரம் காத்தது. நாதமோ அனலொக் சுற்றிலேயே பிறந்தது. 1986இல் வந்த என்சோனிக் ஈ.எஸ்.கியூ.-1 இன்னும் ஒருபடி சென்று, எண்களாகச் சேமித்த அலைகளை அனலொக் வடிகட்டியின் ஊடாகச் செலுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையே, 1983இல் யமாஹா டீ.எக்ஸ்.7 முழு எண்முறைக் கருவியாக வந்து உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில் அறிமுகமான மிடி என்னும் பொதுமுறை, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்தது.

தமிழர் செவிக்கு இவ்வொலிகளைக் கொண்டுவந்தது திரைப்படமே. இளையராஜாவின் இசையில் 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ கணினிவழி இசைக்கோப்பினால் பேசப்பட்டது. அதில் அக்கருவிகளை இயக்கியவர் பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் எனப் புகழ்பெற்றவர். திரையில் ஒலித்ததையே திருவிழா மேடையிலும் கேட்க மக்கள் விரும்பினர். அதற்கு மலிவான வழி, தாளமும் உடன்வரும் கீபோர்ட். பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடும். தப்புக் குழுவுக்குக் கூலியும் சோறும் தரவேண்டிய செலவு இல்லை. ஆனால் அத்தாளங்கள் வேறொரு நாட்டின் தொழிற்சாலையில் அமைக்கப்பட்டவை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் என 5,25,000 பேர் குறிக்கப்பட்ட மக்கட்கூட்டத்தில், எஞ்சியோரிடம் இருந்த சில சொத்துக்களில் ஒன்று அவர்தம் தாளம். அது பொத்தானில் இல்லை.

எனவே இன்று சிந்தசைசரா, மென்பொருளா எனத் தெரிவுசெய்ய முனையும் தோட்டத்து இளைஞன் ஒலியின் செறிவை மட்டும் கருதுவது போதாது. கலப்புக் கருவி விலை கூடியது. ஆனால் மின்னோட்டம் வந்ததும் விரைவிற் பாடத் தயாராகும். சுருதி வளைக்கும் சக்கரம் உடைய கருவியில் ஆர்மோனியம் மறுத்த கமகத்தையும் ஓரளவு எட்டலாம். 1996இல் வி.எஸ்.ரி. முறை வந்தபின் வளர்ந்த மென்பொருட் கருவிகள் கணினி ஒன்றிருந்தால் குறைந்த செலவிற் கிடைப்பன. அவற்றின் இடர்ப்பாடு தாமதம். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில், 1,024 மாதிரிகளைத் தேக்கிவைக்கும் கணினி விரலின் அடியை ஏறத்தாழ 23 மில்லிநொடி பிந்தியே ஒலிக்கும். மெல்லிசைக்கு இது பெரிதன்று. தப்போடு சேர்ந்து வாசிப்பவனுக்குப் பெரிது. தேக்கத்தை 256 ஆக்கின் தாமதம் 6 மில்லிநொடிக்குள் அடங்கும். ஆனால் வலுக்குறைந்த கணினி திணறும்.

மென்பொருளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் எழுப்பும் ஓசைகளைப் பதிவுசெய்து அதன் வயிற்றில் வைத்துவிடலாம். தொழிற்சாலைத் தாளத்துக்குப் பதில் தோட்டத்துத் தாளமே ஒலிக்கும். இதனை நன்மை என்று மட்டும் கொள்ளுதல் இயலாது. தப்படித்தல் சாதியின் பெயரால் ஒருசாரார்மீது சுமத்தப்பட்ட கடமையாகவும் இருந்தது. அதனை இழிவெனக் கருதிக் குச்சியைக் கீழே வைத்தோரும் உளர், கலையெனக் கொண்டு மீண்டும் எடுத்தோரும் உளர். முன்னோர்க்குப் பதிவு விடுதலையாகலாம். பின்னோர்க்கோ தம் கையோசையே தமக்குப் போட்டியாக நிற்கும் நிலை. மேலும், காமன் கூத்திலே தப்புக் கலைஞன் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அடியை மாற்றுகிறான். பதிவான அடி எவர் காலையும் பார்ப்பதில்லை. ஆகவே மேடைப் பாட்டுக்குக் கலப்புக் கருவியையும், வீட்டில் இசைகோக்க மென்பொருளையும் கொண்டு, கூத்துக் களத்தைத் தப்புக்கே விடுதல் பொருந்தும். பதிவுக்கு வாசிப்பவருக்கு அன்றைய கூலியோடு, அவ்வோசை பயன்படும் ஒவ்வொரு வெளியீட்டிலும் பெயரும் பங்கும் தரப்படல் வேண்டும்.