பாட்டைத் தள்ளிவைத்த வீணைக்காரர்

1954-இல் இங்கிலாந்தில் ஹாம்மர் நிறுவனம் சிக்கனமாக எடுத்த ஒரு கொலைப் படம் வெளிவந்தது. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய 'ஃபேஸ் தி மியூசிக்'. ஜாஸ் டிரம்பெட் கலைஞன் ஒருவன் மேல் கொலைப்பழி விழுகிறது. அவன் தானே துப்பறிகிறான். திரையில் அலெக்ஸ் நிக்கோல் வாயில் வைத்த டிரம்பெட்டை உண்மையில் ஊதியவர் கென்னி பேக்கர். அந்த ஊதலை எடுத்துவிட்டால் படத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி இங்கே ஒரு கொலைப் படம் வந்தது: 'அந்த நாள்'. இயக்கியவர் எஸ். பாலசந்தர், குருவில்லாமல் வீணை பழகி வித்வானானவர். அப்படிப்பட்டவர் படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை!

பேசும் படம் வந்த நாள்முதல் பாட்டுக்காகவே கொட்டகைக்குப் போய்ப் பழகிய ஊர் இது. போதாக்குறைக்கு, பணம் போட்ட ஏ.வி. மெய்யப்ப செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு விற்றுச் சினிமாவுக்கு வந்தவர். தட்டுப் போட்டு விற்க எதுவுமில்லாத படத்துக்கு அவர் சம்மதித்ததுதான் பெரிய துணிச்சல் என்று தோன்றுகிறது. பின்னணி இசை மட்டும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவுடையது.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது நிஜம். கதை அங்கே தொடங்குகிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஆளுக்கொரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். குரோசாவாவின் 'ராஷோமோன்' காட்டிய வழி. படம் தொடங்கியதுமே ராஜனாகச் செத்து விழுபவர் சிவாஜி. போகப்போக அவரே தேசத்துரோகி என்றும் தெரிகிறது. வசூல் கைகொடுக்கவில்லை. தேசிய விருதில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' படத்துக்குப் போக, இதற்குக் கிடைத்தது தகுதிச் சான்றிதழ்.

பத்து வருஷம் கழித்து பாலசந்தர் இயக்கியது 'பொம்மை'. பொம்மைக்குள் வெடிகுண்டு, ஊர் முழுக்கத் தேடல். இந்த முறை பாட்டு உண்டு, இசையும் பாலசந்தரே. ஜேசுதாஸின் குரலைத் தமிழில் முதலில் கேட்க வைத்த படங்களில் இதுவும் ஒன்று. முடிவில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை ஒவ்வொருவராகத் திரையிலேயே நிறுத்தி அறிமுகம் செய்தார். கச்சேரி முடிவில் பக்கவாத்தியக்காரர்களைச் சபைக்குக் காட்டும் வழக்கம் அவருக்குத் தெரியாததா?

அவர் இயக்கிய 'நடு இரவில்' 1970-இல் வந்தது. அதன் பிறகு வீணைதான்.