தலைப்பைத் தேர்ந்தவர் யார்? தமிழ்க் கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் வரலாறு

ஒரு கலைக்களஞ்சியத்தில் எந்தக் கட்டுரைகள் உள்ளன என்பதைப் போலவே எவை இல்லை என்பதும் அதை உருவாக்கியவர்களைக் காட்டிவிடும். தலைப்பைத் தேர்வது எழுதுவதற்கு முந்தைய சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மொழியில் எந்த அறிவு பதிவாகும் என்பது அங்கேயே முடிவாகிறது. தமிழில் இந்தப் பொறுப்பு கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் தனி அறிஞரிடமிருந்து பதிப்புக் குழுவுக்கும், பின்னர் ஊதியம் பெறாமல் எழுதும் தன்னார்வலர்களுக்கும் கைமாறியது.

தனி ஒருவரின் தேர்வு

யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். இலக்கியங்களிலும் புராணங்களிலும் வரும் பெயர்களுக்கு அகர வரிசையில் விளக்கம் தந்த நூல் அது. அடுத்து 1910-இல் அபிதான சிந்தாமணி வெளிவந்தது. இதைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னை பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஆசிரியப் பணிக்கிடையே பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய இதை அச்சிட முதலில் ஆதரவு கிடைக்கவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவரின் உதவியால்தான் நூல் அச்சேறியது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934-இல் வந்தபோது முதலியார் உயிருடன் இல்லை.

புலவர்கள், அரசர்கள், புராண மாந்தர், தலங்கள், சமயக் கொள்கைகள் ஆகியவை இந்நூலில் நிறைந்துள்ளன. நவீன அறிவியலுக்கு இடம் குறைவு. இதைக் குறை என்பதைவிட, ஒரு தமிழ்ப் பண்டிதர் எவற்றைப் படித்தார், எவற்றை மாணவர் அறிய வேண்டும் என்று எண்ணினார் என்பதன் பதிவு என்பதே பொருந்தும்.

குழுவின் தேர்வு

தி. சு. அவினாசிலிங்கம் முயற்சியில் 1946-இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், எல்லாத் துறைகளையும் தழுவிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் திட்டமிட்டது. பெ. தூரன் முதன்மை ஆசிரியரானார். முதல் தொகுதி 1954-இலும், இணைப்பாக அமைந்த பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இங்கே தலைப்புகளை வகுத்தது பதிப்புக் குழு. அந்தந்தத் துறை வல்லுநர்கள் கட்டுரைகளை எழுதினர். இயற்பியலும் பயிரியலும் மருத்துவமும் தமிழில் எழுதப்பட்டன. தேவையான கலைச்சொற்களும் அந்த உழைப்பிலேயே வளர்ந்தன. ஆயினும் அச்சுத் தொகுதிக்குப் பக்க வரம்பு உண்டு. ஒரு சிற்றூரின் ஏரிக்கோ, ஒரு வட்டாரத்தின் கூத்துக்கோ அதில் தனிக் கட்டுரை எதிர்பார்க்க இயலாது.

தன்னார்வலரின் தேர்வு

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தப் பக்க வரம்பு நீங்கியது. யாரும் எதையும் தொடங்கலாம் என்றானது. அதன் முன்னோடியான மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றியவர். அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் கட்டடக்கலையும் யாழ்ப்பாணமும் சிறப்பிடம் பெற்றதில் வியப்பில்லை. தாம் அறிந்ததையும் தம் மொழியில் இல்லாததையும் அவர் தேர்ந்தெடுத்தார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அடுத்து எழுத வேண்டியதைச் சுட்டும் எளிய கருவி ஒன்றும் இங்கே உண்டு. இன்னும் எழுதப்படாத கட்டுரைக்கான இணைப்பு சிவப்பு நிறத்தில் தெரியும். ஒருவர் விட்ட இடைவெளியை முன்பின் அறியாத இன்னொருவர் நிரப்ப அந்தச் சிவப்பு எழுத்தே அழைப்பாகிறது.

வெளியிலிருந்து வந்த பட்டியல்

2009 முதல் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, இயந்திர மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன் ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளில் சேர்த்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, எண்ணிக்கையும் கூடியது. ஆனால் தலைப்புகளில் பல தமிழ் வாசகரின் தேவைக்கு ஏற்றவையாக இல்லை; நடையும் தமிழாக இல்லை. எழுதியவர்களோ பிழை திருத்தத் திரும்பி வரவில்லை. 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ்ப் பயனர்கள் இத்திட்டத்தின் நிறைகுறைகளை எடுத்துரைத்தனர். எழுதுபவருக்கும் தலைப்புக்கும் உறவில்லாதபோது கட்டுரையைப் பேண ஆளிருக்காது என்பதே அப்போது கிடைத்த பாடம்.

சான்று என்னும் வரம்பு

2017-இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. இருந்தும் விருப்பமும் அறிவும் மட்டும் ஒரு தலைப்புக்குப் போதா. சரிபார்க்கத்தக்க சான்று வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் திரட்டும் நூலகம் திட்டம், சான்று தேடுவோருக்குப் பெருந்துணையாகியுள்ளது. ஆனால் அச்சேறாத அறிவின் நிலை வேறு. ஊர்த் தெய்வத்தின் கதை, வயல்வெளிப் பாட்டு, பிள்ளைகளின் விளையாட்டு விதிகள் ஆகியவை பல இடங்களில் முதியவர் நினைவில் மட்டுமே உள்ளன. 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழியைப் பதிவுசெய்து சான்றாக்கும் முயற்சி நடந்தது. கேரள விளையாட்டுகளும் அதில் இடம்பெற்றன. அம்முறை பொதுவழக்காகவில்லை.

ஆகவே இன்றும் தலைப்பு தேடும் தன்னார்வலர் முன் இரு பணிகள் உள்ளன. சான்று இருந்தும் கட்டுரை இல்லாதவற்றை எழுதுவது ஒன்று. சான்றே இல்லாதவற்றை, அறிந்தவர் இருக்கும்போதே கேட்டுப் பதிந்து நூலாகவோ இதழ்க் கட்டுரையாகவோ அச்சேற்றுவது மற்றொன்று. முதற்பணி சில ஆண்டுகள் தாழ்ந்தாலும் நூல்கள் காத்திருக்கும். இரண்டாவதற்கு அந்த அவகாசம் இல்லை.